கயிறு நிற்கும் இடம்: கிமோனோ உடுத்தப் பழகிய ஒன்பது மாதங்கள்

கிமோனோ உடுத்தக் கற்கத் தொடங்கிய முதல் மாதம் முழுவதும் நான் செய்த பிழை ஒன்றே ஒன்றுதான். துணி நழுவிய ஒவ்வொரு முறையும் கயிற்றை இன்னும் இறுக்கினேன். மூச்சு முட்டியதே தவிர, கழுத்துப்பட்டி அரை மணி நேரத்தில் தளர்ந்து, முன்பக்கம் விலகி, இடுப்பு மடிப்பு தொங்கிவிட்டது. கியோட்டோவில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி வசிக்கும், எழுபது வயதைக் கடந்த ஆசிரியை ஒருவர், நான் கட்டியிருந்ததை அவிழ்க்கச் சொல்லிவிட்டுக் கூறிய முதல் அறிவுரை இது: "கயிற்றை இறுக்காதீர்கள், அதன் இடத்தைத் தேடுங்கள்." அந்த இடத்தைத் தேடிய கதையையே ஜூன் முதல் பிப்ரவரி வரையிலான என் குறிப்பேட்டிலிருந்து இங்கே தொகுத்து எழுதுகிறேன்.

கிமோனோவின் அமைப்பைப் புரிந்துகொள்ளாமல் அதை உடுத்தப் பழகுவது வீண் உழைப்பு. ஏறத்தாழ 36 முதல் 38 சென்டிமீட்டர் அகலமும் 12 மீட்டர் நீளமும் உள்ள ஒரே துணிச்சுருளை, வளைவு எதுவும் வெட்டாமல், நேர்கோட்டுத் துண்டுகளாக வெட்டித் தைக்கிறார்கள். உடலுக்கு இரண்டு, கைகளுக்கு இரண்டு, முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்று படிவதற்காகச் சேர்க்கும் குறுகிய துண்டுகள் இரண்டு, கழுத்துப்பட்டி, அதன்மேல் அழுக்குப் படாமல் காக்கும் மேற்பட்டி என மொத்தம் எட்டுத் துண்டுகள். மார்பு, இடுப்பு ஆகியவற்றின் வளைவுக்கேற்ற வெட்டு இதில் எங்கும் கிடையாது. உடல் வளைந்திருக்கிறது, துணியோ நேராக இருக்கிறது. இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை உடுத்துபவர் ஒவ்வொரு நாளும் தம் கையால் தீர்த்துக்கொள்ள வேண்டும். கழுத்துப்பட்டியின் கோணம், இடுப்பு மடிப்பு, துண்டு வைத்து நிரப்புதல் ஆகிய எல்லாம் இந்த ஒரே வேலையின் பகுதிகள்தாம்.

ஜூன் மாதத்தில் யுகாதாவுடன் தொடங்கினேன். கற்பவர்கள் எல்லோரும் இதிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. யுகாதா உள்துணி இல்லாத ஒற்றைப் பருத்தி ஆடை. உள்ளே நகஜுபான் என்னும் உள்ளங்கி தேவையில்லை. பருத்தி பட்டுத்துணி போல வழுக்குவதுமில்லை. இடுப்புக் கயிறான கோஷிஹிமோ இரண்டு, அகலப் பட்டையான தாதெஜிமெ ஒன்று, இடுப்பைச் சுற்றிக் கட்டும் வெளிப்பட்டையான ஓபியில் அரையகல வகை ஒன்று, ஓபிக்குள் செருகும் ஓபி-இதா என்னும் தட்டையான அட்டை ஒன்று ஆகியவை இருந்தால் போதும்.

இடுப்பு மடிப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, ஏனெனில் நான் தடுமாறியது அங்கேதான். பெண்களின் கிமோனோ உடுத்துபவரின் உயரத்துக்கு ஏறத்தாழச் சமமான நீளத்தில் தைக்கப்படுகிறது. தோளிலிருந்து கணுக்கால் வரை வேண்டிய நீளம் போக எஞ்சும் துணி இடுப்பில் மடிந்து, ஓபிக்குக் கீழே ஒரு விரல் நீளத்துக்குத் தெரிகிறது. இதற்கு ஒஹஷோரி என்று பெயர். எடோ காலத்தில் (1603–1868) வசதியான வீட்டுப் பெண்கள் வீட்டுக்குள் ஆடையைத் தரையில் புரளவிட்டு நடந்தார்கள். வெளியே செல்லும்போது மட்டும் தூக்கிக் கட்டிக்கொண்டார்கள். அந்தத் தூக்கிக்கட்டே மெய்ஜி காலத்தில் (1868–1912) நிலையான முறையாகிவிட்டது.

சேலை கட்டிப் பழகிய கைக்கு இங்கே ஒரு தடை இருக்கிறது. சேலையில் மிகுதித் துணி கொசுவமாகி அகலவாட்டில் தீர்ந்துவிடுகிறது. கிமோனோவில் அது நீளவாட்டில் தீர வேண்டும். இதை உணராமல், துணி மிஞ்சியபோதெல்லாம் அதைப் பக்கவாட்டில் இழுத்துச் செருகப் பார்த்தேன். பின்னர் ஒரு மாலை அளவு நாடாவுடன் அமர்ந்து கணக்குப் போட்டேன். என் உயரம் 162 சென்டிமீட்டர். தோளிலிருந்து கணுக்கால் வரை 132. யுகாதாவின் நீளமும் 162 என்பதால் மிகுதி 30. மடியும் துணி இரண்டாகப் படிவதால், கயிற்றிலிருந்து மடிப்பு தொங்கும் ஆழம் 15 சென்டிமீட்டர். கயிறு உடலில் எங்கே இருந்தாலும் இந்த ஆழம் மாறுவதில்லை. மாறுவது மடிப்பின் கீழ்விளிம்பு நிற்கும் இடம் மட்டுமே. மடிப்பு அதிகமாகத் தொங்கினால் கயிற்றை மேலே ஏற்ற வேண்டும். குறைந்தால் கீழே இறக்க வேண்டும். இதைத் தாளில் எழுதிப் பார்த்த அன்றுதான் ஆசிரியை சொன்ன 'இடம்' என்பதன் பொருள் எனக்கு விளங்கியது.

முறை இதுதான். முதுகுத் தையல் முதுகெலும்பின்மேல் நேராக வரும்படி நிறுத்தி, கழுத்துப்பட்டியின் இரு முனைகளையும் சமமாகப் பிடித்துத் துணியைத் தூக்கி, கீழ்விளிம்பைக் கணுக்காலுக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு இடது பக்கத்தை உடலைச் சுற்றிக் கொண்டுவந்து, அதன் ஓரம் வலது இடுப்பின் பக்கவாட்டில் நிற்கும் அளவைக் குறித்துக்கொண்டு, மீண்டும் திறக்க வேண்டும். அடுத்து வலது பக்கத்தைச் சுற்றி அதன் கீழ்முனையைப் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் உயர்த்தி, அதன்மேல் இடது பக்கத்தைப் படியவைத்து அதன் முனையை நான்கைந்து சென்டிமீட்டர் உயர்த்த வேண்டும். இந்த உயர்வு இல்லாவிட்டால் ஆடை கீழே குடையாக விரியும். உயர்வு இருந்தால் கணுக்காலை நோக்கிக் குறுகி, நடையிலேயே ஒரு ஒழுங்கு வந்துவிடும். இந்த நிலையில், இடுப்பெலும்புக்குச் சற்று மேலே, முதல் கயிறு விழுகிறது. முழு உடுப்பிலும் உறுதியாகக் கட்ட வேண்டிய கயிறு இது ஒன்றுதான். அடியில் எலும்பின் தாங்கல் இருப்பதால் அதை உறுதியாகக் கட்டினாலும் வலிக்காது. இதற்கு மேலே வருகிற கயிறுகள் துணியை நிறுத்தினால் போதும், உடலை அழுத்தக் கூடாது. நான் அதுவரை நேர்மாறாக, மார்புக்குக் கீழே உள்ள கயிற்றை இறுக்கி, இடுப்புக் கயிற்றைத் தளர்வாக விட்டிருந்தேன்.

கயிறு கட்டிய பிறகு, அக்குளுக்குக் கீழே தைக்காமல் விட்டிருக்கும் திறப்பின் வழியாக இரு கைகளையும் உள்ளே நுழைத்து, மிகுதித் துணியை முன்னும் பின்னும் கீழ்நோக்கித் தடவி நேர்ப்படுத்த வேண்டும். அந்தத் திறப்பு எதற்கு என்று முதலில் விளங்காமல் இருந்தேன். கை நுழைந்த கணத்தில் விளங்கியது.

இடது பக்கம் எப்போதும் மேலே வர வேண்டும். வலது பக்கம் மேலே வருமாறு உடுத்துவது இறந்தவர்களுக்கு மட்டுமே உரியது. வலப்பக்கத்தை உள்ளே வைத்து உடுத்த வேண்டும் என்ற அரசாணை 719ஆம் ஆண்டிலேயே பிறப்பிக்கப்பட்டதாக 'ஷோகு நிஹோங்கி' என்னும் பழைய வரலாற்று நூல் பதிவு செய்கிறது. கண்ணாடியில் பார்த்து உடுத்தும்போது இது எளிதில் குழம்பும். வலது கை கழுத்துப்பட்டிகளின் இடையே தடையின்றி நுழைகிறதா என்று சோதிப்பது நம்பகமான வழி.

ஜூலையில் நான் கற்ற இன்னொன்று, துண்டு வைத்து நிரப்புதல். மெல்லிய இடையை எடுத்துக்காட்டுவது நமக்குப் பழகிய அழகு. கிமோனோவுக்கு உருளை வடிவ உடல் வேண்டும். இடுப்பில் பள்ளம் இருந்தால் ஓபி அதற்குள் சரிந்து மடியும், கயிறும் அந்தப் பள்ளத்தை நோக்கி நழுவும். முகத்துண்டு ஒன்றை நீளவாட்டில் மூன்றாக மடித்து இடுப்பைச் சுற்றிக் கட்டிய அன்று, முதல் முறையாக ஓபி மூன்று மணி நேரம் அசையாமல் நின்றது. அந்த ஒரு துண்டினால் தீர்ந்த சிக்கல், அதற்குமுன் நான் வாங்கிய இரண்டு விலையுயர்ந்த கவ்விப் பட்டைகளால் தீரவில்லை.

செப்டம்பர் 21ஆம் தேதி தோஜி கோயில் வளாகத்தில் கூடும் மாதச் சந்தையில், பழைய துணிக் குவியலிலிருந்து கருஞ்சிவப்பில் சாம்பல் கட்டமிட்ட கம்பளிக் கிமோனோ ஒன்றை வாங்கினேன். ஷோவா காலத்தின் (1926–1989) நடுப்பகுதியில் வீட்டிலும் கடைத்தெருவிலும் பெண்கள் அன்றாடம் உடுத்திய வகை இது. உள்துணி இல்லாதது, கசங்காதது, பழகுவதற்கு மிகவும் ஏற்றது. வாங்கும்போது நான் அளந்தவை இரண்டே அளவுகள். தோளிலிருந்து கீழ்விளிம்பு வரை 153 சென்டிமீட்டர். அதாவது மிகுதி 21, மடிப்பின் ஆழம் பத்தரை. யுகாதாவைவிடக் கயிற்றை நான்கரை சென்டிமீட்டர் கீழே கட்டினால் சரியாகிவிடும். ஆனால் பின்கழுத்தின் நடுவிலிருந்து மணிக்கட்டு வரையுள்ள யுகி என்னும் அளவு 63ஆக இருந்தது. எனக்கு வேண்டியது 66.5. நீளக் குறையைக் கயிறு சரிசெய்யும், கைக் குறையைத் தையல்தான் சரிசெய்ய வேண்டும்.

அக்டோபரில் அந்தத் தையலைப் பிரித்தேன். கிமோனோ பெரும்பாலும் கையால் தைக்கப்படுவதற்குக் காரணமே, அதைப் பிரித்துத் துவைத்து மீண்டும் தைக்கலாம் என்பதுதான். வெட்டாமல் உள்ளே மடித்து வைத்த துணியை அடுத்த உடலுக்காக விட்டுவைத்திருக்கிறார்கள். தையலைத் திறந்தபோது, கைப்பகுதியில் 3 சென்டிமீட்டரும், உடற்பகுதியில் 4 சென்டிமீட்டரும் மடிப்புக்குள் இருந்தன. கையில் ஒன்றரை, உடலில் இரண்டு எனப் பங்கிட்டு எடுத்தேன். முன்பு தோள் 31, கை 32ஆக இருந்தவை, இப்போது 33, 33.5 ஆயின. இரண்டு அகலங்களும் நெருங்கி இருப்பது நல்லது. கையில் மட்டும் முழு அளவையும் எடுத்தால் தோள் தையல் வரை ஆடை இழுபட்டுக் கோணலாகும்.

தோளில் கூடிய இரண்டு சென்டிமீட்டரை அப்படியே கீழே விட்டுவிட முடியாது. பக்கத் தையலையும் அக்குள் திறப்புக்குக் கீழே இருபத்தைந்து சென்டிமீட்டர் வரை பிரித்து, புதிய கோட்டைப் பழைய கோட்டோடு சரிவாகச் சேர்க்க வேண்டும். முதல் முயற்சியில் இந்தச் சரிவைப் பத்து சென்டிமீட்டருக்குள் முடித்துவிட்டேன். உடுத்திப் பார்த்தபோது அந்த இடத்தில் துணி மூட்டையாகப் புடைத்தது. மீண்டும் பிரித்து, நீண்ட சரிவாகத் தைத்தேன். தையல் நேரோட்டத் தையல்தான். ஆனால் மடிக்கும்போது தையல் கோட்டின்மீது அல்லாமல், அதைவிட 2 மில்லிமீட்டர் தள்ளி மடித்துத் தேய்க்க வேண்டும். கிசெ என்று அழைக்கப்படும் இந்த மெல்லிய மேல்மடிப்பு நூலை வெளியே தெரியாமல் மறைக்கிறது. இழுபடும்போது துணி கிழியாமல் சற்று இடமும் கொடுக்கிறது. பழைய மடிப்புத் தடம் ஈரத்துணி வைத்துத் தேய்த்ததும் கம்பளியிலிருந்து பெரும்பாலும் மறைந்தது. ஆனால் இத்தனை ஆண்டுகள் வெயில் படாமல் இருந்த ஒன்றரை சென்டிமீட்டர் பட்டை மட்டும் மற்றதைவிட அடர்ந்த சிவப்பாக, தோள் தையலை ஒட்டி ஒரு கோடாகத் தெரிகிறது. அதை மறைக்க முயலவில்லை. இதை முதலில் உடுத்திய பெண் என்னைவிடக் குறுகிய கைகள் கொண்டவர் என்பதற்கு அந்தக் கோடு சான்றாக இருப்பதில் எனக்கு மகிழ்ச்சியே.

நவம்பரில் உள்ளங்கியும் கழுத்துப்பட்டியும். கிமோனோவின் கழுத்தோரத்தில் மெல்லிய வெள்ளை விளிம்பாகத் தெரிவது, நகஜுபானின் கழுத்தில் தைக்கப்படும் ஹன்எரி என்னும் தனித்துண்டு. அழுக்கானதும் அதை மட்டும் பிரித்துத் துவைத்து மீண்டும் தைப்பார்கள். வெளிப்பக்கத்தை நீண்ட தையல்களால் விரைவாக முடித்துவிடலாம். கழுத்தைத் தொடும் உட்பக்கத்தில், பின்கழுத்தின் நடுவிலிருந்து இரு பக்கமும் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் வரை துணியைச் சற்று இழுத்துப் பிடித்து, நெருக்கமாகத் தைக்க வேண்டும். அங்கே துணி தளர்ந்தால், பின்கழுத்தின் வளைவில் சுருக்கங்கள் விழுந்துவிடும். எனக்கு இது முதலில் ஒரு மணி நேரம் எடுத்தது. இப்போது இருபது நிமிடத்தில் முடிகிறது. கழுத்துப்பட்டி பின்கழுத்தைவிட்டு ஒரு கைப்பிடி அளவு விலகி நிற்க வேண்டும். உள்ளங்கியில் இந்த இடைவெளி சரியாக அமைந்தால் மேலாடை அதைப் பின்பற்றும். உள்ளங்கியில் தவறினால் மேலாடையில் எந்தத் திருத்தமும் பயன் தராது.

ஓபி கட்டுவதைப் பற்றிப் படமில்லாமல் எழுதுவதால் பயன் குறைவு என்பதால் சுருக்கமாகக் கூறுகிறேன். அரையகல ஓபியில் புன்கோ என்னும் பூமுடிச்சு இரண்டு வாரத்தில் வந்துவிட்டது. ஏறத்தாழ 3.6 மீட்டர் நீளமுள்ள நகோயா ஓபியில் தைகோ என்னும் பெட்டிபோன்ற முடிப்பு டிசம்பர் முழுவதையும் எடுத்துக்கொண்டது. எடோவின் (இன்றைய டோக்கியோவின்) கமேய்தோ தென்ஜின் கோயிலில் உள்ள வளைந்த தைகோ பாலத்தைப் பார்த்து ஃபுககவா பகுதியின் கெய்ஷாக்கள் என்னும் கலைப் பெண்கள் இந்த முடிப்பைத் தொடங்கினார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. முதுகுக்குப் பின்னால் கண் எட்டாத இடத்தில் வேலை நடப்பதால், கண்ணாடியைக் கைவிட்டு விரல்களை நம்பத் தொடங்கிய பிறகே இது கைவந்தது. இங்கும் ஒரே கேள்விதான் வருகிறது. சிறு தலையணைபோன்ற ஓபி-மகுரா முதுகோடு ஒட்டி நிற்கிறதா, தள்ளி நிற்கிறதா? அதன் நாடாவை முன்னால் கட்டி ஓபிக்குள் ஆழமாக இறக்கிவிட்டால் முதுகோடு ஒட்டும். மேலேயே விட்டுவிட்டால் பத்தே நிமிடத்தில் முழு முடிப்பும் பின்னோக்கிச் சாயும். கீழே தொங்கும் முனை ஆட்காட்டி விரல் நீளம் இருந்தால் போதும்.

எதை எப்போது உடுத்துவது என்பதும் கற்க வேண்டியதே. நெய்வதற்கு முன்பே நூலுக்குச் சாயமிட்டு நெய்யும் ட்சுமுகி வகைப் பட்டு, எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும், திருமணத்துக்கு உடுத்தும் தகுதி உடையதன்று. நெய்த வெள்ளைப் பட்டின்மேல் ஓவியமாகச் சாயமிட்டதே சடங்குக்குரியது. அக்டோபர் முதல் மே வரை உள்துணி உள்ளவை, ஜூனிலும் செப்டம்பரிலும் ஒற்றைத் துணி, ஜூலை, ஆகஸ்டில் ஊடுதெரியும் ரோ, ஷா வகைகள் என்பது பழைய வரிசை. இப்போதைய வெயிலில் மே மாதத்திலேயே ஒற்றைத் துணிக்கு மாறுபவர்கள் பலர். என் ஆசிரியையும் மாறிவிடுகிறார்.

ஜனவரியில் நவீன முறையில் உடுத்திப் பார்த்தேன். மரபைக் கற்ற பின்னரே இதற்கு வர வேண்டும் என்று நான் வற்புறுத்தக் காரணம் மரியாதை மட்டுமன்று. ஒவ்வொரு பொருளும் எந்தச் சுமையைத் தாங்குகிறது என்று தெரிந்தால்தான், எதை நீக்கலாம், எதன் இடத்தில் எதை வைக்கலாம் என்று சொல்ல முடியும். உள்ளங்கிக்குப் பதிலாகக் கழுத்து மூடிய கறுப்புப் பின்னல் சட்டையை அணிந்தேன். இது புதுமையுமன்று, மெய்ஜி கால மாணவர்கள் நின்ற கழுத்துப்பட்டிச் சட்டையின்மேல் கிமோனோ உடுத்தியிருக்கிறார்கள், மாணவியர் ஹகாமா என்னும் மடிப்புப் பாவாடைக்குக் கீழே தோல் பூட்ஸ் அணிந்திருக்கிறார்கள். இவ்வாறு உடுத்தும்போது பின்கழுத்தைத் திறந்துவிடக் கூடாது. கழுத்துப்பட்டியை முன்னோக்கி நெருக்கமாகப் படியவைத்தால் சட்டையின் கழுத்து ஒரு நேர்த்தியான நிறப்பட்டையாக நிற்கிறது. பூட்ஸ் தெரிவதற்காகக் கீழ்விளிம்பைக் கணுக்காலுக்கு மேலே பத்து சென்டிமீட்டர் உயர்த்தினேன். அதனால் மிகுதி 31 ஆயிற்று, மடிப்பும் யுகாதா அளவுக்கு ஆழமாயிற்று. கயிற்றைப் பழையபடி மேலே ஏற்றினேன். கணக்கு இங்கும் பொய்க்கவில்லை.

தோல்வியுற்ற முயற்சி, ஓபியின் இடத்தில் ஐந்து சென்டிமீட்டர் அகலத் தோல் இடைவார். படங்களில் அழகாகத் தெரியும் இந்த முறையை இரண்டு முறை முயன்றேன். இரண்டு முறையும் ஒரு மணி நேரத்துக்குள் மார்புப் பகுதி தளர்ந்தது. ஓபி அலங்காரத்துக்காக மட்டும் அவ்வளவு அகலமாக இருக்கவில்லை. மார்புக்குக் கீழிருந்து இடுப்பெலும்பு வரை துணி முழுவதையும் ஒரே பரப்பாக நிறுத்துவது அதுதான். அரையகல ஓபியை எளிமையாகக் கட்டி, அதன்மேல், ஓபியைச் சுற்றிக் கட்டும் ஓபிஜிமெ கயிற்றின் இடத்தில் மெல்லிய இடைவாரைக் கட்டியபோது, தோற்றமும் கிடைத்தது, நிலைப்பும் கிடைத்தது.

பிப்ரவரி 25, கித்தானோ தென்மாங்கு கோயிலில் பிளம் மலர் விழா. மாதந்தோறும் அதே தேதியில் அங்கே சந்தையும் உண்டு. கம்பளிக் கிமோனோவையும் நகோயா ஓபியையும் இருபத்தெட்டு நிமிடத்தில் உடுத்திக்கொண்டு புறப்பட்டேன். ஜூனில் யுகாதாவுக்கே ஒன்றரை மணி நேரம் ஆனது. ஐந்து மணி நேரம் நடந்தேன், படியேறினேன், குனிந்து துணிக் குவியலைப் புரட்டினேன். ஒருமுறைகூட எதையும் திருத்தவில்லை.

அந்தக் குவியலில்தான் கருநீலத்தில் மெல்லிய சிவப்புக் கோடுகள் ஓடும் பருத்திக் கிமோனோ ஒன்று கைக்குக் கிடைத்தது. கடைக்காரர் "சன்தொமெ வகைக் கோடு" என்றார். அந்தச் சொல்லை நான் முன்பே அறிந்திருந்தேன். போர்த்துகீசியர் சாந்தோமே என்று அழைத்த மயிலாப்பூரின் பெயரால், சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறி ஜப்பான் வந்த கோடிட்ட பருத்தித் துணிக்குச் சன்தொமெ என்று பெயர் வந்தது. எடோ நகரத்தார் அதை மிகவும் விரும்பியதால், பின்னர் ஜப்பானிலேயே அதைப் போல நெய்யத் தொடங்கினார்கள். சிபா மாநிலத்தின் ததெயாமாவில் தோசன் என்ற பெயரில் இன்றும் அது நெய்யப்படுகிறது. கையிலிருந்த துணி அங்கே நெய்ததா, வேறெங்கோ நெய்ததா என்பதைக் கடைக்காரரால் கூற முடியவில்லை. விலையைக் குறைத்துக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கம்பளியை அவிழ்த்து, காற்றாடுவதற்காகத் தொங்கவிட்டு, புதிய கிமோனோவை மேசைமேல் விரித்து அளந்தேன். நீளம் 149, யுகி 61.5. விளக்கொளியில் தோள் தையலைத் தூக்கிப் பிடித்துப் பார்த்ததில், உள்ளே கையில் 3, உடலில் மூன்றரை சென்டிமீட்டர் இருப்பது தெரிகிறது. யுகியை 65 வரை கொண்டுவரலாம். மிகுதி 17 என்பதால் மடிப்பு எட்டரைதான் தேறும். கயிற்றை இடுப்பெலும்பின்மேலேயே கட்ட வேண்டியிருக்கும். மார்ச் முதல் வாரத்தில் வலது கைத் தையலைப் பிரிக்கிறேன்.